படிநிலை அளவு – இரண்டு மதிப்பெண்

வினா: படிநிலை அளவு என்றால் என்ன?

விடை: பண்டைய எகிப்து, மெசபடோமியா நாகரிகங்களின் ஓவியங்களிலும் புடைப்புச் சிற்பங்களிலும் அரசன், கடவுள் போன்ற முக்கியமானவர்களைப் பெரிதாகவும், பணியாட்கள், கைதிகள் போன்றவர்களைச் சிறிதாகவும் காட்டும் முறை.

இவ்வளவுதான் விடை. இரண்டாம் ஆண்டு, மூன்றாம் தாள், பகுதி அ. இரண்டுக்கு இரண்டு போட்டார்கள். நான்கு வருடம் கழித்து இதே விடையைத் தரமணியில் ஓர் ஏசி அறையில் பத்துப் பேருக்கு முன்னால் வாயால் சொன்னேன். அதனால் அஞ்சலாட்சி என்ற அம்மா செத்துப்போனார். என் அண்ணன் லோகநாதன் சிறைக்குப் போனான்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கலை வரலாறு எடுத்தது ஆசைப்பட்டு அல்ல. பி.காம். கிடைக்கவில்லை, கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை, இடம் இருந்த பெட்டியில் ஏறிக்கொண்டேன். எர்ணாவூரில் எங்கள் தெருவில் என்ன படிக்கிறாய் என்று கேட்டவர்களுக்குச் சொன்னால், அப்படியானால் படம் வரைவாயா என்றார்கள். லோகு அண்ணன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவன் பத்தாவதோடு நின்று, எண்ணூர் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லருக்கு ஸ்டியரிங் பிடித்தான். அதனால்தான் நான் படித்தேன். இதை அவன் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பண்டைய நாகரிகக் கலை என்ற தாளில் கலைச்சொற்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. நூற்று இருபது சொல். இரண்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு வரி, ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கம். பாஸ் ஆவதற்கு இரண்டு வரி போதும் என்பதால் நாங்கள் எல்லோரும் இரண்டு வரியைத்தான் உருப்போட்டோம். ஜிகுராத், படிப்படியாக எழும் கோயில் மேடு. உருளை முத்திரை, ஈரக் களிமண்ணில் உருட்டினால் கதை விழும் கல். படையல் உருவம், கும்பிட நேரமில்லாத பணக்காரன் தனக்குப் பதிலாகக் கோயிலில் நிறுத்திவைத்த பெரிய கண் பொம்மை. கடைசி விடையை இந்த மாதிரியே தேர்வில் எழுதி ஒரு மதிப்பெண்ணை இழந்தேன்.

உருப்போட ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சொற்கள் மேல் எனக்குப் பிரியம் வந்தது. ஒரு சிற்பப் பலகையின் படத்தைப் பல நாள் பார்த்துக்கொண்டிருப்பேன். கோயில் கட்டுகிற அரசன் செங்கல் கூடையைத் தலையில் சுமந்து நிற்பான். அவனுக்குப் பின்னால் நிற்கும் பணியாள் அவன் முழங்காலுக்கு மேல் கொஞ்சம்தான் வருவான். ஆயிரம் நாள் கூடை தூக்கியவன் முழங்கால் உயரம், ஒரு நாள் படத்துக்குத் தூக்கியவன் பலகை உயரம். இதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததால் அந்தச் சொல் மறக்கவே இல்லை. தரமணியில் கம்பெனிக் கூட்டத்தில் கேட்டபோது முதலில் வாயில் வந்ததும் அதுதான்.

நான் வேலை பார்த்த கம்பெனி 'விழித்துணை' என்ற கண்ணாடியைச் செய்தது. பெயர்தான் கண்ணாடி, உள்ளே கண்ணாடியே கிடையாது. வெளிப்பக்கம் இரண்டு கேமரா, உள்பக்கம் இரண்டு திரை. உலகத்தைக் கேமரா பார்க்கும், நாம் திரையைப் பார்ப்போம். அருங்காட்சியகங்களுக்கு ஒரு விழித்துணை செய்தார்கள். சிலையைப் பார்த்தால் பக்கத்தில் விளக்கம் மிதக்கும். அந்த விளக்கங்களை எழுதுவது என் வேலை.

அதே கம்பெனியின் இன்னொரு பிரிவு லாரி ஓட்டுநர்களுக்கு விழித்துணை செய்துகொண்டிருந்தது. மோதலைத் தானாகத் தடுக்கிற புது லாரி வாங்குவதைவிட டிரைவர் முகத்தில் ஒன்றை மாட்டிவிடுவது லாரி முதலாளிகளுக்கு மலிவு. அதில் ஒரு சிக்கல். கவனி, ஆம்புலன்ஸ், பள்ளி வேன் என்று திரையில் எழுத்து மிதந்தால் டிரைவர் எழுத்தைப் படிக்கிறான், சாலையைப் படிப்பதில்லை. எழுத்தே இல்லாமல் எது முக்கியம் என்று காட்ட என்ன வழி என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கூட்டத்தில், இரண்டு பிரிவுக்கும் தலைவரான மைத்ரேயி மேடம் எங்கள் பிரிவு ஆட்களையும் உட்கார வைத்தார். மேடம் நல்லவர். கலை தெரிந்தவர், உலகத்தின் எல்லா அருங்காட்சியகங்களையும் காலால் நடந்து பார்த்தவர். பாதி ஜனங்களுக்கு எழுத்தே தெரியாத காலத்தில் யார் பெரிய ஆள் என்று எப்படிக் காட்டினார்கள், யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்.

அந்த அறையில் அதுவரை நான் வாயைத் திறந்ததில்லை. அவர்கள் பேசுகிற வேகத்துக்கு என் இங்கிலீஷ் ஓடாது. அன்று தமிழிலேயே சொன்னேன். இரண்டு வரி. பகுதி அ.

 யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். மேடம் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் அண்ணனிடமும் அதைச் சொன்னேன். லோகு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் துறைமுக வாசலில் டீ குடித்த எல்லா டிரைவரிடமும், எங்கள் வண்டிக்கு வருகிற கண்ணாடி என் தங்கச்சி யோசனை என்று சொல்லியிருக்கிறான்.

எட்டு மாதத்தில் கண்ணாடி வந்துவிட்டது. முக்கியமானதைத் திரை பெரிதாக்கும், அல்லாததைச் சுருக்கும். எது முக்கியம் என்பதை எப்படி முடிவு செய்தார்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. யார் மேல் மோதினால் கம்பெனிக்கு எவ்வளவு சிக்கல் என்பதுதான் அளவுகோல். முகத்தைப் பார்த்ததும் திரை கம்பெனி வாங்கிவைத்த பதிவேட்டிலிருந்து அந்த ஆளின் மதிப்பை எடுத்துக்கொள்ளும். கார் வைத்திருப்பவர் பெரிது. சீருடை போட்ட பிள்ளைகள் பெரிது. கேஸ் போடத் தெரிந்தவர் பெரிது. பதிவேட்டில் ஒன்றுமே இல்லாதவர்கள் பாதி உயரம். சோதனை ஓட்டம் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே நடந்தது. குறுக்கே நடந்தவர்கள் எல்லோரும் கம்பெனி இன்ஜினியர்கள். ஒருவர்கூடச் சுருங்கவில்லை. சோதனையில் பாஸ்.

ஏப்ரல் மாதம், காலை ஒன்பதே முக்கால். மணலி விரைவுச் சாலையில் மண் பெருக்கிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி மேல் லோகுவின் டிரெய்லர் ஏறியது. வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. சாலை நேராக இருந்தது. லோகு குடிப்பதில்லை, அவன் ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. கண்ணாடி பதிவுசெய்த தகவலைக் கம்பெனி போலீசுக்குக் கொடுத்தது. அந்த அம்மா மூன்று நொடிக்கு மேல் டிரைவரின் பார்வையில் இருந்திருக்கிறார், கருவிழி அவர் மேல்தான் இருந்திருக்கிறது, பிரேக் மிதிக்கப்படவில்லை. பார்த்துக்கொண்டே ஏற்றியிருக்கிறான் என்று வழக்கு. கொலைக்குச் சமமான குற்றம். பத்து வருடம் வரை போகலாம் என்றார்கள்.

புழல் சிறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, லோகு அழவில்லை. அவனுக்குப் புரியாததுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

"பாக்கலன்னு நான் சொல்லவே இல்ல கலா. பாத்தேன். ரொம்ப தூரத்துல, பாலத்தாண்ட பெருக்கினு இருந்தாங்க. ஆரன் அடிச்சேன். நிதானமா கியர மாத்தலாம்னு கைய வெச்சேன். அதுக்குள்ள வண்டிக்குக் கீழ இருக்காங்க. அவ்ளோ தூரத்துலேர்ந்து எப்டிமா வந்தாங்க?"

"எவ்ளோ பெருசா தெரிஞ்சாங்க?"

அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தடுப்பின் மேல் வைத்துக் காட்டினான். நடுவில் ஒரு தீப்பெட்டி நிற்கலாம். போலீஸ் அளந்த கணக்குப்படி அவன் முதலில் பார்த்தபோது அந்த அம்மா அவனிடமிருந்து நாற்பது அடிக்குச் சற்று அதிகத் தூரத்தில் இருந்தார். லாரி ஊர்ந்துதான் வந்திருக்கிறது. மிதித்திருந்தால் நின்றிருக்கும்.

அங்கே உட்கார்ந்தபடியே எனக்கு ஐந்து மதிப்பெண் விடை ஞாபகம் வந்தது. மூன்றாவது பத்தி. பேராசிரியர் சொல்லச் சொல்ல நானும் எழுதியிருக்கிறேன், உருப்போடவில்லை. பண்டைய ஓவியங்களில் தூரம் என்பதே கிடையாது. அங்கே சிறியது என்றால் சிறிய ஆள், தள்ளி நிற்பவன் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏனென்றால் பெரியவனும் சின்னவனும் ஒரே தரைக்கோட்டில் கால் ஊன்றி நிற்பார்கள்.

தரமணிக் கூட்டத்தில் நான் இதைச் சொல்லாமல் விட்டேன். அவர்கள் சுருக்கும்போது ஆளை நடுவிலிருந்து சுருக்கினார்கள். தலை கீழே வந்தது, கால் தரையை விட்டு மேலே போனது, கீழே விழுந்த இடைவெளியைச் சாலையின் நிறத்தால் பூசி மூடினார்கள். திரையில் மேலே தெரிவதும் சின்னதாகத் தெரிவதும் மனிதக் கண்ணுக்கு ஒரே செய்திதான் சொல்லும். தூரம். அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று எழுப்பிவிட்டார்கள். எழுப்பாமல் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

மறுநாள் மைத்ரேயி மேடத்தின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் வரைந்து காட்டினேன். மேடம் முழுவதையும் கேட்டார், தண்ணீர் கொடுத்தார், அண்ணனுக்காக வருத்தப்பட்டார். அந்த வருத்தம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு, நாம் யாரையும் சின்னதாக்குவதில்லை, முக்கியமானதைக் கொஞ்சம் எடுப்பாகக் காட்டுகிறோம், அவ்வளவுதான் என்றார். நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் உள்விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்ற பத்தி எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சொன்னார்.

"இது உன்னோட ஐடியா, கலா. அத மறந்துடாதே."

"என்னோடது இல்ல மேடம். நாலாயிரத்து ஐந்நூறு வருஷம் பழசு."

"அப்போ நாலாயிரத்து ஐந்நூறு வருஷமா அதனால யாரும் சாகலையே."

 லிஃப்டில் இறங்கும்போதுதான் பதில் வந்தது. அந்தப் பலகையில் யாரும் லாரி ஓட்டவில்லை. ஆனால் லிஃப்டில் வரும் பதிலுக்கு மதிப்பெண் கிடையாது.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் ஆக்னஸ், தண்டையார்பேட்டைக்காரர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. நான் ஒப்பந்தத்தை மீறிப் பேசினால் என் வேலை போகும், என் மேலேயே கேஸ் வரும் என்பதை முதலில் சொல்லிவிட்டார். சரி என்றேன். அப்படியானால் விளக்கு என்றார். நான் மெசபடோமியாவிலிருந்து ஆரம்பித்தேன். ஆக்னஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா நீ, பரீட்சையா எழுதற? மார்க்கெட்ல மீன் விக்கிற என் அத்தைக்கு சொல்றாப்ல சொல்லு."

"கண்ணுக்கு ஒரே ஒரு பழக்கம்தான் மேடம். சின்னதா தெரிஞ்சா அது தள்ளி இருக்கு. பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் பாக்கறோம். கண்ணாடிக்கு சின்னதுன்னா வேண்டாத ஆளு. கண்ணாடி வேண்டாத ஆளுன்னு காட்டிச்சு, எங்கண்ணன் தூரத்து ஆளுன்னு படிச்சான். ரெண்டு பேர் சொன்னதும் அவங்கவங்க கணக்குப்படி சரிதான்."

ஆக்னஸ் கிராம்பைக் கடித்தார். "கேக்கவே அசிங்கமா கீது," என்றார். "எழுதிக் குடு."

எங்கள் மனுவால் வழக்கை நிறுத்திவைத்து, அரசு ஒரு விசாரணை ஆணையரை நியமித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி. நான் விசாரணைக்குப் போன அன்று காலையே வேலையிலிருந்து நீக்கிய கடிதம் வந்துவிட்டது. ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது.

கூடத்துக்கு வெளியே பெஞ்சில் அஞ்சலாட்சியின் மகள் கோமளா உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும், ஏற்றுமதி கம்பெனியில் தையல் வேலை. நான் யார் என்று ஆக்னஸ் அவளிடம் சொல்லியிருந்தார். பக்கத்தில் உட்காரத் தயங்கி நின்றேன். அவளே நகர்ந்து இடம் விட்டாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவள் கேட்கிற நிலையில் இல்லை.

"எங்கம்மா எவ்ளோ ஒசரம் தெரியுமா உனக்கு? அஞ்சடி ஒம்போது அங்குலம். எங்க வார்டுலயே ஒசரம். கல்யாண வூட்ல தோரணம் கட்டணும்னா ஸ்டூல தேட மாட்டாங்க, எங்கம்மாவத் தேடுவாங்க. நெட்டச்சி நெட்டச்சின்னு கூப்புட்டே அது பேரையே மறந்துட்டாங்க. அது போய் கண்ணுக்குத் தெரியல, தூரமா இருந்துச்சுன்னு சொல்றீங்க."

  அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உங்கண்ணன் வண்டியிலிருந்து இறங்கி அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாமே, அது நிஜமா என்று கேட்டாள். எனக்கு அது தெரியாது. லோகு சொல்லவில்லை.

உள்ளே கம்பெனியின் வக்கீல் மூன்று பேர் இருந்தார்கள். சின்னதாக்குவது என்ற ஒன்றே கருவியில் இல்லை என்று வாதாடினார்கள். ஆக்னஸ் அதிகம் பேசவில்லை. ஒரு விழித்துணையை ஆணையர் மேசையில் வைத்து, அய்யா ஒரு நிமிஷம் மாட்டிப் பாருங்கள் என்றார். அவர் மாட்டிய பிறகு கோமளாவை உள்ளே கூப்பிட்டுக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார். அந்தப் பெண் எவ்வளவு தூரத்தில் நிற்கிறாள், மதிப்பாகச் சொன்னால் போதும் என்றார்.

ஆணையர் கண்ணாடிக்குள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "வாசப்படி கிட்ட நிக்கிறாங்க. ஒரு இருபது அடி."

கோமளா அவருடைய மேசை விளிம்பிலிருந்து பத்தடியில் நின்றிருந்தாள். கண்ணாடியைக் கழற்றியதும் ஆணையர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார், யாரோ சட்டென்று முன்னால் பாய்ந்துவிட்ட மாதிரி. லோகுவுக்கு அன்று காலை நடந்தது அதுதான்.  ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

ஆணையர் என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார். நீங்கள் இந்தப் படிப்புப் படித்தவர், அந்தக் காலத்துக் கலைஞர்களுக்கு இந்தக் குழப்பம் எப்படி வராமல் இருந்தது என்று. வாழ்க்கையில் ஒரு நீதிபதி என்னிடம் எனக்குத் தெரிந்ததைக் கேட்கிறார். இரண்டு வரி சொல்லி ஒரு உயிர் போயிற்று, இந்தத் தடவை முழுசாகச் சொல்ல வேண்டும் என்று மட்டும்தான் என் தலையில் ஓடியது. சொன்னேன். தரைக்கோடு என்றால் என்ன, பட்டை பட்டையாகப் பிரித்து ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் ஒரு கோடு எப்படி இழுத்தார்கள், அரசன் காலும் அடிமை காலும் எப்படி அந்தக் கோட்டிலேயே நிற்கும், அதனால் எவ்வளவு சின்னதாக வரைந்தாலும் அவன் எங்கே நிற்கிறான் என்பதில் சந்தேகமே வராது என்பது வரை சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன். ஐந்துக்கு ஐந்து.

ஆணையர் எழுதிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் மைத்ரேயி மேடமும் எழுதிக்கொண்டிருந்தார். ஆக்னஸ் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். எதற்கு மிதிக்கிறார் என்று அப்போது புரியவில்லை.

மூன்று வாரத்தில், ஆணையரின் அறிக்கையை ஏற்று அரசாணை வந்தது. ஓட்டுநர் லோகநாதன் மேல் குற்றமில்லை. கருவியில் குறை இருந்தது உண்மை. இனிமேல் சாலையில் பயன்படும் எல்லா விழித்துணைகளிலும், சிறிதாகத் தெரியும் ஒவ்வொரு ஆளின் காலடியிலும் ஒரு சிவப்புக் கோடு தெரிய வேண்டும். கால் கோட்டை விட்டு விலகக் கூடாது. கோட்டின் ஓரத்தில் தூரம் அடிக்கணக்கில் மின்ன வேண்டும். ஆளைச் சுருக்குவது சரியா என்பது இந்த ஆணையத்தின் வரம்புக்குள் வரவில்லை. அதற்கு ஒரு வரி. தரைக்கோட்டைப் பற்றி நான் சொன்னதற்கு நான்கு பக்கம், என் பெயரோடு, கலை வரலாற்று வல்லுநர் செல்வி ஏ. நித்யகலா என்று.

ஆக்னஸ் அந்த ஒரு வரியை எதிர்த்து மேல்முறையீடு போட்டார். குறை சரிசெய்யப்பட்டுவிட்டது, இனி பாதிக்கப்பட்டவர் என்று யாரும் இல்லை என்று தள்ளுபடி ஆனது.

கம்பெனி என் மேல் கேஸ் போடவில்லை. மாறாக, திரும்ப வேலைக்கு வா என்று மேடம் நேரில் அழைத்தார். கோடு போட்ட பிறகு ஒரு விபத்துகூட இல்லை, உன்னால் எத்தனை உயிர் பிழைத்திருக்கிறது என்று யோசித்துப் பார் என்றார். அது பொய்யில்லை. யோசித்துப் பார்த்தேன். பிழைத்தவர்கள் எல்லோரும் பாதி உயரத்தில் பிழைத்திருந்தார்கள். விபத்து இல்லாததால் கண்ணாடிக்கு நல்ல பெயர். பஸ் டிரைவருக்கு வந்தது, டிராபிக் போலீசுக்கு வந்தது, வங்கிக் காவலாளிக்கு வந்தது, அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்கு வந்தது. வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். என் கோபத்துக்கு அந்தக் கட்டடத்தில் வேறு பயனில்லை.

கோமளாவை ஒரு நாள் மணலி சாலையில் பார்த்தேன். வாரிசு வேலை என்று அம்மாவின் துடைப்பத்தையே கொடுத்திருந்தார்கள். முட்டாள்தனமாக, இப்போது பயம் இல்லையே என்று கேட்டேன்.

"லாரி எல்லாம் நல்லா நிக்குதுக்கா," என்றாள். துடைப்பத்தைத் தரையில் தட்டி மண்ணை உதறினாள். "என்னப் பாத்து நிக்கல. என் காலுக்குக் கீழ இன்னாவோ கோடு கீதாமே, அதப் பாத்து நிக்குதுங்க. மேல நான் ஒருத்தி இருக்கறது எவனுக்கும் வேணாம்."

சிறையிலிருந்து வந்த லோகு திரும்பவும் டிரெய்லருக்குப் போனான். வேறு வேலை தேடலாம் என்று எவ்வளவோ சொன்னேன். பதினெட்டு வருடமாக ஸ்டியரிங் பிடித்தவனுக்கு வேறு என்ன தெரியும் என்று அம்மா கேட்டாள். விபத்தில் சிக்கிய டிரைவர்களுக்குப் புது விதி ஒன்று வந்திருந்தது. கண் கோட்டுக்குப் பழகும்வரை, ஆறு மாதம், விழித்திருக்கும் நேரமெல்லாம் விழித்துணையை மாட்டியே இருக்க வேண்டும். கழற்றினால் பதிவாகிவிடும்.

முதல் நாள் வேலை முடிந்து பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பை விட்டான். கைகால் கழுவிக்கொண்டு வந்து நடு வீட்டில் உட்கார்ந்தான். கண்ணாடி முகத்திலேயே இருந்தது. கழட்டுண்ணா என்றேன். முடியாதும்மா, கழட்டினால் நாளைக்கு வண்டி தர மாட்டார்கள் என்றான். ஆணை சாலைகளுக்கு மட்டும்தான் என்பதால் வீட்டுக்குள் கோடு வராது.

அம்மா சோற்றுக் குண்டானோடு அவனிடம் வந்தாள். வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்குப் பதிவேட்டில் என்ன மதிப்பு இருந்திருக்கும். லோகு தட்டை எடுத்து, எட்டாத இடத்தில் நிற்பவளுக்கு நீட்டுகிற மாதிரி கையை முழுசாக நீட்டினான். தட்டின் விளிம்பு அம்மாவின் வயிற்றில் இடித்தது. அம்மா ஆ என்றாள். லோகு பதறி எழுந்துவிட்டான். தட்டு கீழே உருண்டது.

"அம்மா. அம்மா, பாக்கலம்மா. இல்ல, பாத்தேன். பாத்தேன்மா."

ஒண்ணுமில்லடா, உக்காரு என்றாள் அம்மா. அவன் உட்காரவில்லை.  அவன் குரல் கேட்டுச் சமையல்கட்டிலிருந்து ஓடி வந்து அவனுக்கு நேர் எதிரே நின்றேன், ஒரு முழ இடைவெளியில். அண்ணா, நான்தான், இங்கே என்னைப் பார் என்றேன்.

அரசாணையில் நான்கு பக்கத்துக்குப் பெயர் வந்தவளின் மதிப்பு பதிவேட்டில் என்ன ஆகும், திரையில் அவள் எவ்வளவு பெரிதாவாள் என்று நான் அதுவரை யோசிக்கவே இல்லை.

லோகு என் பக்கம் திரும்பினான். அவன் முகம் மெல்ல மேலே நிமிர்ந்தது. என் நெற்றியைத் தாண்டி, தலைக்கு மேல், சுவரும் ஓடும் சேர்கிற இடத்துக்கு. அங்கே எதையோ பார்த்து, இதுவரை என்னிடம் பேசாத ஒரு தணிந்த குரலில் பேசினான்.

"இதோ பாத்துட்டுதான் இருக்கேன் கலா. சொல்லு."

நான் நுனிக்காலில் எழும்பி நின்றேன். அவன் பார்க்கிற இடத்துக்கு என் முகம் எட்டவில்லை.